நான்கு காலும் இறங்கிவிட்டனவா? – கணினிக் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புரொசசர் சூடு பற்றியவை. அவற்றில் பெரும்பாலானவை கூலரை (புரொசசரின் மேல் அமர்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் தகடும் ஃபேனும்) பூட்டிய விதத்தில் வந்து நிற்பதால், இந்த இதழில் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐ5-12400 புரொசசர், அதனுடன் பெட்டியில் வந்த கூலர். நானே பூட்டினேன். சும்மா இருக்கும்போது 45 பாகை. வீடியோ ரெண்டர் தொடங்கியதும் கண் மூடித் திறப்பதற்குள் 100 பாகை. கடையில் கேட்டால் பெரிய கூலர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதிய "கண் மூடித் திறப்பதற்குள்" என்பதில்தான் விடை இருக்கிறது. கூலரின் வலு போதாவிட்டால் சூடு மெதுவாகத்தான் ஏறும். அந்த அலுமினியக் கட்டி முழுவதும் சூடாக ஓரிரு நிமிடமாவது எடுக்கும். வேலை தொடங்கி இரண்டு மூன்று விநாடியில் 100ஐத் தொடுகிறதென்றால், புரொசசரின் சூடு கூலருக்குப் போய்ச் சேரவேயில்லை. ஃபேன் இதழில் படாமல் கூலரின் வெளி விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். திரையில் 100 காட்டும்போது கைக்கு வெதுவெதுப்புக்கூடத் தெரியாவிட்டால் சந்தேகமே இல்லை, தொடுகை பிழைத்திருக்கிறது.

இன்டெல் பெட்டிக் கூலரில் ஸ்குரூ இல்லை. நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு பகுதி: மதர்போர்ட் துளைக்குள் நுழையும் பிளவுபட்ட வெளிறிய கால், அதன் நடுவே இறங்கி அந்தப் பிளவை விரித்துப் பிடிக்கும் கறுப்பு ஊசி. கறுப்பு ஊசி முழுதாக இறங்காவிட்டால் கால் துளைக்குள் சும்மா நிற்கும், எதையும் பிடிக்காது. மேலிருந்து பார்க்கும்போது நான்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதுதான் இதிலுள்ள வில்லங்கம்.

கொம்பியூட்டரை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, மதர்போர்ட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல கேசிங்குகளில் புரொசசருக்கு நேர் பின்னே ஒரு வெட்டு இருக்கும். டோர்ச் அடித்தால் போதும். நான்கு துளையிலும் வெளிறிய பிளாஸ்டிக் விரிந்து, நடுவே கறுப்பு ஊசியின் நுனி தெரிய வேண்டும். ஒன்றில் நுனி தெரியவில்லையா? அந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இனி, திரும்பப் பூட்டும் முறை. தலைகளின் மேலுள்ள அம்புக்குறி கழற்றுவதற்கான திசை. பூட்டுவதற்கு என்று நினைத்து அதன்படி திருப்புவோர்தான் அதிகம். அம்பு காட்டும் பக்கம் கால்வாசிச் சுற்றுத் திருப்பி, தலையை மேலே இழுத்தால் கால் விடுபடும். கூலரை எடுத்ததும் நான்கு தலைகளையும் எதிர்ப்பக்கம், அதாவது வலஞ்சுழியாக, முடியும் மட்டும் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதை மறந்து அப்படியே அழுத்தினால் "டிக்" சத்தம் கேட்டாலும் பிடிக்காது.

முடிந்தால் மதர்போர்ட்டை வெளியே எடுத்தே இதைச் செய்யுங்கள். கேசிங்குக்குள் வைத்து அழுத்தினால் போர்ட் வளையும். கால் இறங்கியதா போர்ட் இறங்கியதா என்று கைக்குத் தெரியாது. புரொசசருக்கும் கூலருக்கும் இடையே பூசியிருக்கும் பழைய தேர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள் (ஒருமுறை பிரிந்த பேஸ்ட் திரும்ப ஒழுங்காகப் பரவாது, இடையில் காற்றுக் குமிழ் நிற்கும்). ஃபேன் வயர் கூலருக்கு அடியில் அகப்படாமல் ஒதுக்கிவிட்டு, நான்கு காலையும் துளைகளில் நேராக வையுங்கள். போர்ட்டின் அடியை மற்ற விரல்களால் தாங்கிக்கொண்டு, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு தலைகளை ஒரேநேரத்தில் பெருவிரல்களால் அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு. பக்கத்துப் பக்கத்துக் கால்களை முதலில் அழுத்தினால் கூலர் ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கக் கால்கள் துளையை எட்டாமல் நின்றுவிடும். கடைசியாகக் கூலரைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். போர்ட்டும் சேர்ந்து அசைய வேண்டும். கூலர் மட்டும் ஆடக்கூடாது.

வெளிறிய காலின் நுனி வெளுத்து வெடித்திருந்தால் அது இனி நம்பத் தகாது. கால்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பின்பும் கொழும்பு வெக்கையில், முழு வேலையின்போது இந்தக் கூலருடன் 80ஐத் தாண்டுவது அதிசயமில்லை. இந்த புரொசசரின் அடிப்படை மின்தேவை 65 வாட். உச்ச வேகத்தில் 117 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. நாள் முழுக்க ரெண்டர் செய்பவரென்றால், அப்போது ஒரு சாதாரண டவர் கூலர் (தகடுகள் கோபுரம்போல் உயர்ந்து நிற்பது) வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பிழையாகப் பூட்டினால் அதுவும் 100 தான் காட்டும். இன்னொன்று: தனியாக வாங்கும் கூலர்களின் அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் பூட்டினாலும் இதே "இரண்டு விநாடியில் 100" தான் நடக்கும்.

கேள்வி: தேர்மல் பேஸ்ட் எவ்வளவு போட வேண்டும்? ஒருவர் கடுகளவு என்கிறார், ஒருவர் முழுவதும் பூசச் சொல்கிறார். பழையதைத் துடைக்க சேர்ஜிக்கல் ஸ்பிரிட் பாவிக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பேஸ்ட் எதற்கு என்பது விளங்கினால் அளவு தானாக விளங்கும். கண்ணாடிபோல் தெரியும் உலோகத்திலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பம் கடத்தும் திறன் 400 என்றால், அதே அலகில் காற்றினுடையது 0.026. நல்ல பேஸ்ட் 4 முதல் 13 வரை. அதாவது பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது, ஆனால் செம்போடு ஒப்பிட்டால் மிக மட்டம். ஆகவே காற்று நிற்கும் இடத்தை நிரப்பும் அளவுக்குத்தான் அது வேண்டும். மெத்தைபோல் தடிப்பாக நிற்கக்கூடாது.

கடுகளவு காணாது. புரொசசரின் மூடி பத்துச் சதுர சென்ரிமீற்றர் அளவிலானது, அதன்மேல் 0.1 மில்லிமீற்றர் படலம் என்று வைத்தாலே 0.1 மில்லிலீற்றர் வேண்டும். இரண்டு மிளகு அளவு என்று வையுங்கள். ஏஎம்டி ரைசன்களின் ஏஎம்4 வகை போன்ற சதுர மூடியில் நடுவே ஒரு பெரிய பொட்டும் நான்கு மூலைப் பக்கம் சிறு பொட்டுகளும் வைத்தால் விளிம்புவரை போகும். இன்டெலின் எல்ஜிஏ 1700 வகையின் மூடி நீள்சதுரம். நீளவாக்கில் ஒரு கோடு இழுப்பது நல்லது, நடுவில் ஒற்றைப் பொட்டு வைத்தால் இரு முனையும் வெறுமையாக நிற்கலாம். பரப்பி விடுவது கூலரின் அழுத்தத்தின் வேலை. பிளாஸ்டிக் அட்டையால் நீங்களே பரப்பினாலும் பிழையில்லை. விரலால் மட்டும் வேண்டாம், தோலின் எண்ணெய் சேரும்.

கொஞ்சம் கூடிவிட்டதென்று பயப்படாதீர்கள். சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, மிச்சம் ஓரத்தில் பிதுங்கி நிற்கும், அவ்வளவுதான். குறைவதுதான் கெடுதல். ஒரு கிராம் சிரிஞ்ச் இரண்டு மூன்று தடவைக்குக் காணும். "லிக்விட் மெட்டல்" என்று விற்பது வேறு சாமான்: மின்சாரம் கடத்தும், அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். பெட்டிக் கூலர்களின் அடி பெரும்பாலும் அலுமினியம். முதன்முதலாகப் பூட்டுபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புதுப் பெட்டிக் கூலரின் அடியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். அதன்மேல் இன்னொன்றைப் பூசாதீர்கள்.

துடைக்க உகந்தது ஐசோபுரோப்பைல் அல்கஹோல், 90 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பாவிக்குமுன் போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். பிரிட்டிஷ் முறைப்படி செய்ததில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். துடைத்த இடத்தில் வழுவழுப்பான படலம் ஒன்றை விட்டுவிடும். நகப்பூச்சு நீக்கி கூடவே கூடாது, பிளாஸ்டிக் பகுதிகளைக் கெடுத்துவிடக்கூடும். நூல் விடாத துணி அல்லது கோப்பி வடிகட்டும் தாள் நல்லது. பஞ்சு இழை விடும்.

கேள்வி: ரைசன் 5 5600. தூசு தட்டலாமென்று கூலரை இழுத்தேன், புரொசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு மூலையில் ஏழெட்டு ஊசி வளைந்திருக்கிறது. முடிந்த கதையா?
– வாசகர், தெஹிவளை

பதில்: முடியவில்லை, ஏஎம்4 பாவிப்பவர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். இந்த வகையில் ஊசிகள் புரொசசரின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. சொக்கெற்றின் (மதர்போர்ட்டில் புரொசசர் அமரும் இடம்) நெம்புகோல் அவற்றைப் பக்கவாட்டில் பிடித்திருக்குமே தவிர, மேலிருந்து அமர்த்தும் சட்டம் எதுவும் கிடையாது. இறுகிய பேஸ்டின் பிடி அதைவிடப் பலம்.

முதலில் புரொசசரைக் கூலரிலிருந்து பிரியுங்கள். திருப்புளியால் நெம்பாதீர்கள். பல்லிடுக்கு நூலை ஒரு மூலையால் நுழைத்து அறுப்பதுபோல் இழுத்தால் விட்டுவிடும். இறுகியிருந்தால் தலைமயிர் உலர்த்தியால் கூலரின் அடிப்பக்கத்தைச் சிறிது சூடாக்கலாம்.

வளைந்த ஊசிக்கு, ஈயக்குச்சி தள்ளி எழுதும் பென்சிலின் உலோக வாய் போதும். குச்சியை எடுத்துவிட்டு, ஊசியை அந்த வாய்க்குள் விட்டு மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு வங்கி அட்டையின் விளிம்பை வரிசைகளுக்கிடையே ஓட்டி, எல்லாம் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நான்கு பக்கமும் சரித்துப் பாருங்கள். ஒரே ஊசியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். கைபேசிக் கெமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு செய்தால் கண் வலிக்காது.

திரும்பப் போடும்போது நெம்புகோல் முழுதாக நிமிர்ந்திருக்கட்டும். மூலையிலுள்ள சிறு முக்கோணத்தை சொக்கெற்றின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் புரொசசர் தன் பாரத்திலேயே விழுந்து அமர வேண்டும். விரலால் அமுக்க வேண்டி வந்தால் ஏதோ ஊசி இன்னும் நேராகவில்லை, எடுத்துப் பாருங்கள்.

அடுத்த தடவை கழற்றுமுன் ஐந்து பத்து நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு பேஸ்டை இளக்குங்கள். நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, ஸ்குரூ நான்கையும் மூலைக்கு மூலை தளர்த்துங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாகச் சற்றுத் திருகி, வழுக்கத் தொடங்கிய பின்புதான் தூக்க வேண்டும். ரைசனுடன் வரும் ஸ்குரூ வகைக் கூலருக்கு இன்னொரு கவனம்: மதர்போர்ட்டில் வரும் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றிய பின்தான் அது பொருந்தும். தாங்கியைக் கழற்றியதும் போர்ட்டின் பின்னாலுள்ள பின்தட்டு பிடிமானமில்லாமல் விழுந்துவிடும். ஒரு துண்டு டேப்பால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்குரூவையும் முதலில் இரண்டு சுற்று மட்டும் பிடிக்க விட்டு, பின்னர் எதிர் மூலைகளாக இரண்டிரண்டு சுற்று, தானாக நிற்கும் வரை. நின்ற பிறகு பலத்தைக் காட்ட வேண்டாம்.

ஏஎம்5 இல் இந்தப் பயம் இல்லை. ஊசிகள் மதர்போர்ட் பக்கம் போய்விட்டன, புரொசசரை இரும்புச் சட்டம் அமர்த்தியிருக்கும், பின்தட்டும் விழாது. ஏஎம்டியின் பின்தட்டிலேயே பூட்டும் ஏஎம்4 கூலர்கள் ஏஎம்5க்கும் சரி. தன் சொந்தப் பின்தட்டோடு வரும் கூலர் என்றால் தனிப் பொருத்தி வேண்டும்.

கேள்வி: பழைய ஐ5 (எல்ஜிஏ 1155) கொம்பியூட்டரில் நல்ல கூலர் ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கிய எல்ஜிஏ 1700 போர்ட்டுக்குப் போடலாமா?
– வாசகர், மருதானை

பதில்: அப்படியே போடமுடியாது. 1155 முதல் 1200 வரை துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர், 1700க்கு 78. சில போர்ட்களில் இரண்டு வகைத் துளையும் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1700 இல் புரொசசரின் மேற்பரப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டப் பதிந்தும் இருக்கிறது. துளை பொருந்தினாலும் அழுத்தம் குறையும். கூலர் கம்பனி 1700க்கான பொருத்தியை விற்றால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அதற்குப் பின் வந்த எல்ஜிஏ 1851க்கும் இடைவெளி 78 தான்.

கேள்வி: டவர் கூலர் பூட்டினேன். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறதென்று தெரியவில்லை. திறக்கும்போது "சிபியூ ஃபேன் எரர்" வேறு வருகிறது. ஒரு ராம் குச்சியும் ஃபேனில் முட்டுகிறது.
– வாசகர், மட்டக்குளி

பதில்: ஃபேனின் சட்டத்தில், மோட்டரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கத்தால் காற்று வெளியே வரும். திறந்த முகம் உறிஞ்சும் பக்கம். ஃபேன் ராம் பக்கம் நின்று, தகடுகளுக்கூடாகக் கேசிங்கின் பின்புற ஃபேனை நோக்கி ஊத வேண்டும். சந்தேகமென்றால் ஒரு டிசுத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

எரர் வருவது பெரும்பாலும் வயரைக் கேசிங் ஃபேனுக்கான இடத்தில் சொருகியதால். போர்ட்டில் புரொசசர் ஃபேனுக்கென்று பெயர் அச்சிட்ட நான்கு ஊசி இணைப்பு சொக்கெற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஃபேன் சுற்றுகிறதா என்பதை போர்ட் அந்த இணைப்பில்தான் பார்க்கிறது.

ராம் முட்டினால் ஃபேனை ஓரிரு மில்லிமீற்றர் மேலே ஏற்றிக் கிளிப்பைப் போடலாம், ஆனால் கேசிங் கதவு மூடுமா என்று முதலில் அளந்து பாருங்கள். இரண்டு ராம் குச்சிகள் இருந்தால் அவை இருக்க வேண்டியது புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களில். முட்டுகிறதே என்று ஒன்றை எடுத்து மூன்றாம் இடத்தில் போட்டால் இரண்டு குச்சியும் சேர்ந்து இயங்கும் இரட்டைத் தடம் (டுவல் சனல்) போய் வேகம் குறையும்.

கேள்வி: எனக்குள்ள அதே புரொசசர், அதே கூலர். வெளிநாட்டு வீடியோவில் 65 பாகை. எனக்கு 74. பிழையா?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: பிழையில்லை. கூலர் எதுவானாலும் அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை பாகை என்பதைத்தான் தீர்மானிக்கும். அவர்களுடைய அறை 21 பாகை என்றால் வித்தியாசம் 44. உங்கள் அறை 30 என்றால் 44ஐக் கூட்டுங்கள், 74 வருகிறது. பயோஸ் திரையில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) தெரியும் சூட்டையும் பெரிதாக எடுக்காதீர்கள்; அங்கே புரொசசர் மின்சேமிப்புக்குப் போகாமல் விழித்தே நிற்கும்.

கேள்வி: 65 வாட் புரொசசருக்கு 240 மில்லிமீற்றர் தண்ணீர்க் கூலர் போட நினைக்கிறேன். எங்கே பூட்டுவது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: அந்தக் காசை ராமுக்கோ எஸ்எஸ்டிக்கோ போடுவது எங்கள் விருப்பம். போடத்தான் போகிறீர்களென்றால் ரேடியேற்றரை (சூடான திரவத்தை ஆறவைக்கும் தகட்டுப் பகுதி) கேசிங்கின் மேல்தட்டில் பூட்டுங்கள். வருடக் கணக்கில் குழாய் வழியே சிறிது திரவம் ஆவியாகி உள்ளே காற்று சேரும். அது உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக்கூடாது.

கேள்வி: இங்கே பூட்டிய கொம்பியூட்டரை யாழ்ப்பாணத்திலுள்ள தங்கச்சிக்கு வெள்ளவத்தை இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பப் போகிறேன். டவர் கூலரோடு அனுப்பலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கூலரின் நிறையைப் பாருங்கள். இரண்டு ஃபேன் உள்ள பெரிய டவர்கள் ஒரு கிலோவைத் தாண்டும். கேசிங் நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் பாரம் சுவரில் அடித்த அலுமாரிபோல மதர்போர்ட்டில் தொங்குகிறது. 400 கிலோமீற்றர் வரை குலுங்கிப் போகும்போதும், இறக்குபவர் பெட்டியை நிலத்தில் வைக்கும்போதும் அடி முழுவதும் அந்த நான்கு ஸ்குரூவிலும் போர்ட்டிலும்தான் விழும். அரைக் கிலோவுக்கு மேற்பட்டதென்றால் கழற்றித் தனியாக அனுப்புங்கள். கிராபிக்ஸ் கார்டையும் கழற்றுங்கள். கூலரின் ஸ்குரூக்களை ஒரு சிறு பையில் போட்டு, பையைக் கூலரிலேயே ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் அதைத் தேடுவதுதான் வேலையாக இருக்கும். பேஸ்ட் சிரிஞ்ச் ஒன்றும் சேர்த்து வையுங்கள்.

பெட்டியில் வந்த ஸ்குரூ வகைச் சிறு கூலர் என்றால் கழற்றத் தேவையில்லை. கேசிங்கைப் படுக்க வைத்து, மதர்போர்ட் கீழும் கூலர் மேலுமாக இருக்கும்படி பெட்டியில் அடுக்கி, எந்தப் பக்கம் மேலே என்று வெளியில் பெரிதாக எழுதுங்கள். பிளாஸ்டிக் கால் கூலர் குலுக்கலில் ஒரு கால் கழன்று போய்ச் சேரக்கூடும். தங்கச்சி அங்கே மின்சாரம் கொடுக்குமுன் பக்கக் கதவைத் திறந்து, கூலரை மெல்ல ஆட்டிப் பார்த்து, பின்புறத்தில் நான்கு கறுப்பு நுனியும் தெரிகிறதா என்று எண்ணட்டும்.